ஒரு டெஸ்ட், 3,278 விக்கெட்: சார்லி பார்க்கர் வழியாகக் கவுன்டி கிரிக்கெட்டைப் புரிந்துகொள்வோம்

முதல்தர கிரிக்கெட்டில் அதிக விக்கெட் எடுத்தவர் யார் என்று கேட்டால், பெரும்பாலானோர் முரளிதரன், வார்ன், கும்ப்ளே என்றுதான் தொடங்குவார்கள். அந்தப் பட்டியலின் உச்சியில் இவர்கள் மூவருமே இல்லை. முதலிடம் யார்க்‌ஷயரின் வில்பிரட் ரோட்ஸுக்கு. ஏறத்தாழ 4,200 விக்கெட். அடுத்தவர் கென்ட் அணியின் டிச் ஃப்ரீமன், 3,776. மூன்றாவது இடத்தில் குளோஸ்டர்ஷயரின் சார்லி பார்க்கர், 3,278. முரளிதரனின் எண்ணிக்கை 1,374.

இப்போது ரோட்ஸ், ஃப்ரீமன், பார்க்கர் மூவரும் ஆடிய டெஸ்ட் ஆட்டங்களை, அதாவது நாட்டுக்காக ஆடியவற்றைப் பார்ப்போம். ரோட்ஸ் 58. ஃப்ரீமன் 12. பார்க்கர் 1.

அந்த ஒற்றை எண்ணைப் பார்த்ததும் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "கவுன்டியில் கலக்கினார், அதற்கு மேல் சரக்கு இல்லை." கவுன்டி என்பது டெஸ்டுக்குப் போகும் படிக்கட்டு என்றும், அதிலேயே நின்றுவிட்டவர் ஏற முடியாமல் தோற்றவர் என்றும் நாம் எளிதாக எண்ணிக்கொள்கிறோம். இது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கவுன்டி கிரிக்கெட் தனி வாழ்க்கை, தனிப் பிழைப்பு. அதற்கென்று மண் உண்டு, வானிலை உண்டு, சாதிப்படிநிலை போன்ற ஒரு வகுப்புப் பிரிவினையும் உண்டு. இவற்றை அறியாமல் பார்க்கரின் கணக்கைப் படிக்க முடியாது. கிரிக்கெட் அதிகம் தெரியாதவர்களும் பின்தொடரும் வகையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கவுன்டி என்பது நம் மாவட்ட அணி அல்ல

கவுன்டி என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் மாவட்டம் போன்ற ஒரு நிலப்பகுதி. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நமக்கு மாவட்டம், அதற்கு மேல் மாநிலம், அதற்கும் மேல் நாடு என்று மூன்று படி. இங்கிலாந்தில் நடுப்படி கிடையாது. நாட்டு அணிக்கு நேர் கீழே இருப்பது கவுன்டி அணி. ஆகவே அதை ரஞ்சிக் கோப்பையில் ஆடும் மாநில அணிக்கு இணையாக வைத்துப் பார்ப்பதே சரி.

கவுன்டி அணியை நடத்துவது அரசாங்கம் அல்ல. சந்தா கட்டும் உறுப்பினர்களைக் கொண்ட ஒரு சங்கம். அந்தச் சங்கத்தின் குழுதான் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கும், சம்பளம் கொடுக்கும், வேண்டாமென்றால் அனுப்பிவிடும். இந்த அணிகள் மோதும் கவுன்டி சாம்பியன்ஷிப் 1890-இல் அதிகாரபூர்வப் போட்டியானது. 1921-இல் வேல்ஸைச் சேர்ந்த கிளமார்கன் வந்து சேர்ந்தபோது எண்ணிக்கை 17. 1992-இல் டர்ஹம் சேர்ந்து 18 ஆனது, இன்றும் அதுதான். வெளிநாட்டவரையும் இந்தச் சங்கங்கள் வேலைக்கு எடுக்கும். சென்னையின் வெங்கட்ராகவன் டெர்பிஷயருக்கு ஆடியதும், முரளிதரன் லங்காஷயருக்கு ஆடியதும் அப்படித்தான்.

பார்க்கர் காலத்தில் ஓர் ஆட்டம் மூன்று நாள் நடக்கும். மே தொடங்கி செப்டம்பர் தொடக்கம் வரை வாரத்துக்கு இரண்டு ஆட்டம், ஞாயிறு ஓய்வு. புதன், வியாழன், வெள்ளி ஓர் ஊரில் ஆடிவிட்டு, இரவு ரயிலேறி, சனிக்கிழமை காலை வேறோர் ஊரில் பந்தைக் கையில் எடுக்க வேண்டும். இப்படியே நான்கு மாதம்.

முதல்தரம்: மதிப்பெண் அல்ல, வகை

ரயிலில் முதல் வகுப்பு டிக்கெட் என்றால் அது பெட்டியின் வகையைச் சொல்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவரின் குணத்தைச் சொல்வதில்லை. கிரிக்கெட்டில் 'முதல்தரம்' என்பதும் இதே போன்றதுதான். குறைந்தது மூன்று நாள் நடப்பதாகத் திட்டமிடப்பட்டு, இரு பக்கமும் பதினோரு பேர், ஒவ்வொரு அணிக்கும் இரண்டு இன்னிங்ஸ் என்ற அமைப்பில், கிரிக்கெட் வாரியங்கள் அங்கீகரித்த ஆட்டமே முதல்தர ஆட்டம். கவுன்டி சாம்பியன்ஷிப் ஆட்டம் இதில் வரும், ரஞ்சி ஆட்டம் வரும், டெஸ்ட் ஆட்டமும் வரும். ஒருநாள் ஆட்டமும் இருபது ஓவர் ஆட்டமும், உலகக் கோப்பை இறுதியே ஆனாலும், வராது.

பார்க்கர் ஆடிய முதல்தர ஆட்டங்கள் 635. முரளிதரன் ஆடியவை 232. ஆட்டத்துக்கு எத்தனை விக்கெட் என்று வகுத்தால் முரளிதரனுக்கு ஆறை ஒட்டி வருகிறது, பார்க்கருக்கு ஐந்தைச் சற்றுத் தாண்டுகிறது. எனவே 3,278 என்ற எண்ணைக் காட்டி முரளியைவிட இவர் பெரியவர் என்று நான் வாதாடவில்லை. அந்த எண் வேறொன்றைச் சொல்கிறது: ஒன்றரை லட்சம் பந்துகளுக்கு மேல் ஒரு தோள் தாங்கியிருக்கிறது. ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக அவர் கொடுத்த ஓட்டங்கள் 19.46 மட்டுமே.

இதுவரை பார்த்ததைக் கோத்துப் பார்த்தால்: கவுன்டி அணி என்பது உறுப்பினர் சங்கம் நடத்தும் அணி, நாட்டு அணிக்கு அடுத்த நிலை. முதல்தரம் என்பது ஆட்டத்தின் வகை. பார்க்கர் இந்த வகையில் 635 ஆட்டம் ஆடினார். அதில் ஒன்று மட்டும் டெஸ்ட்.

பெயரை எழுதும் விதத்திலேயே பிரிவினை

சார்லி பார்க்கர் 1882 அக்டோபர் 14 அன்று செல்ட்டன்ஹாம் நகருக்கு அருகே பிரெஸ்ட்பரி என்ற ஊரில் பிறந்தார். குளோஸ்டர்ஷயருக்கு முதல் ஆட்டம் 1903-இல். அவர் சேர்ந்தது 'புரொஃபஷனல்' என்ற வரிசையில். இந்தச் சொல்லுக்கு இன்று நாம் கொடுக்கும் மரியாதை அன்று இல்லை.

அப்போது கவுன்டி அணிக்குள் இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். கூலி வாங்கிக்கொண்டு ஆடுபவர் புரொஃபஷனல், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர். வசதியான குடும்பத்திலிருந்து வந்து, சம்பளம் வாங்காமல் ஆடுபவர் அமெச்சூர். ஒரே அணி, ஒரே தொப்பி. ஆனால் பல மைதானங்களில் உடை மாற்றும் அறை வேறு, களத்துக்குள் இறங்கும் வாசல் வேறு. ஆட்டக் கணக்கு அச்சிடும் அட்டையில்கூட அமெச்சூரின் முதலெழுத்துகள் பெயருக்கு முன்னால் வரும். தொழில்முறை ஆட்டக்காரரின் முதலெழுத்துகள் பெயருக்குப் பின்னால் தள்ளப்படும், இல்லையென்றால் வெறும் குடும்பப் பெயர் மட்டும். ஒருவரை மரியாதைப் பன்மையிலும் பக்கத்தில் நிற்பவரை ஒருமையிலும் அழைத்த பழைய பண்ணை வீட்டுப் பழக்கம் நினைவுக்கு வருகிறதல்லவா? அதுவேதான், அச்செழுத்தில்.

அணித்தலைவர் பதவி அநேகமாக எப்போதும் அமெச்சூருக்கே. இருபதாம் நூற்றாண்டில் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் இங்கிலாந்து டெஸ்ட் அணியின் தலைவராக முதன்முதலில் அமர்ந்தது 1952-இல்தான். அவர் லென் ஹட்டன். அதற்கு முன்பு, பார்க்கரின் சக அணியினரான வாலி ஹேமண்ட், உலகின் தலைசிறந்த மட்டையாளர்களில் ஒருவராக இருந்தும், 1938-இல் அமெச்சூராக மாறிய பிறகே இங்கிலாந்தின் தலைமை அவருக்குக் கிடைத்தது. இந்தப் பிரிவினை ஒழிந்தது 1962 இறுதியில். பார்க்கர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து.

அணியில் யாரைச் சேர்ப்பது, எந்த முனையிலிருந்து வீசச் சொல்வது, எப்போது நிறுத்தச் சொல்வது என்பதையெல்லாம் முடிவு செய்தது ஒரு வகுப்பு. ஒரு நாளில் முப்பது, நாற்பது ஓவர் வீசியது இன்னொரு வகுப்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் சம்பவங்களின் கனம் தெரியும்.

வடாம் காயும் மொட்டை மாடியும் ஸ்டிக்கி விக்கெட்டும்

இனி மண்ணுக்கு வருவோம். பார்க்கரின் கலை முழுவதும் தங்கியிருந்த இடம் அதுதான்.

இப்போதெல்லாம் மழைத்தூறல் விழுந்தவுடன் ஆட்கள் ஓடிவந்து ஆடுகளத்தின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். பார்க்கர் காலத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டால் பந்து விழும் பகுதி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. பெய்த மழை அத்தனையும் அதற்குள் இறங்கும். அதன்பின் வெயில் அடிக்கும். பந்துவீச்சாளரின் பொழுது விடிவது அப்போதுதான்.

கூழ்வடாம் பிழிந்து மொட்டை மாடியில் காய வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். பிழிந்த உடனே தொட்டால் விரல் வழுக்கும். கூழ் அப்படியே நழுவும். மாலையில் நன்றாகக் காய்ந்தபின் தொட்டால் கல் போல இருக்கும், விரல் பதியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. மேலே மெல்லிய தோல் கட்டியிருக்கும், உள்ளே இன்னும் ஈரம். அந்த நேரத்தில் விரலை வைத்து அழுத்தினால் தோல் கிழியும், விரல் உள்ளே புதையும், எடுக்கும்போது பிசுபிசுவென்று கூடவே வரும்.

களிமண் கலந்த ஆடுகளமும் இதே மூன்று நிலைகளைக் கடக்கிறது. முழு ஈரத்தில் பந்து வழுக்கிக்கொண்டு நேரே போகும். மட்டையாளருக்குப் பெரிய ஆபத்து இல்லை, பந்துவீச்சாளருக்குத்தான் கைப்பிடி வழுக்கும். முழுக்கக் காய்ந்தால் பந்து ஒரே சீராக எழும். நடு நிலையில், மேலே ஓடு கட்டி அடியில் ஈரம் நிற்கும்போது, பந்து ஓட்டைக் குத்தி ஒரு சிறு குழியை உண்டாக்கும். அங்கே இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. குழிக்குள் பந்தின் பரப்பில் அதிக பாகம் மண்ணோடு உராய்வதால், விரல் கொடுத்த சுழற்சி முழுவதும் மண்ணைக் கவ்விப் பிடித்துத் திரும்பும். அதே நேரத்தில், குழியின் முன்விளிம்பில் மோதும் பந்து முன்னால் போவதை விட்டுச் செங்குத்தாக எகிறும். ஒரு பந்து முழங்கால் உயரம், அதே இடத்தில் விழுந்த அடுத்த பந்து தோள் உயரம். இப்படி இருக்கும் ஆடுகளத்துக்குத்தான் 'ஸ்டிக்கி விக்கெட்' என்று பெயர். இங்கே விக்கெட் என்பது ஆடுகளத்தைக் குறிக்கிறது. குச்சிகளையும், ஆட்டமிழப்பதையும் அதே சொல்லால் சொல்லும் வழக்கம் புதியவர்களைத் தடுமாற வைக்கும்.

இனி பார்க்கரின் கை. அவர் இடக்கையால் விரல் சுழற்சி வீசியவர். வலக்கை மட்டையாளருக்கு அந்தப் பந்து, கால் பக்கம் விழுந்து உடலைவிட்டு வெளியே, ஸ்லிப் திசைக்குப் போகும். ஸ்லிப் என்பது மட்டையாளருக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில், பிடி பிடிக்க ஆள் நிற்கும் இடம். வெளியே போகும் பந்தை மட்டை துரத்திப் போனால் விளிம்பில் படும். விளிம்பில் பட்டது ஸ்லிப்பில் நிற்பவரின் கைக்குப் போகும். குளோஸ்டர்ஷயரில் அங்கே நின்றவர் ஹேமண்ட். 1928-இல் மட்டும் ஹேமண்ட் 78 பிடிகள் பிடித்தார். ஒரு பருவத்துக்கான அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அந்த 78-இல் பார்க்கர் உண்டாக்கிக் கொடுத்தவை ஏராளம்.

ஆனால் இந்தக் கலை அவருக்கு இளமையில் வாய்க்கவில்லை. குளோஸ்டர்ஷயரில் அப்போது மெதுவான இடக்கைச் சுழலுக்கு ஜார்ஜ் டெனெட் இருந்தார். 1907-இல் நார்தாம்ப்டன்ஷயரை 12 ஓட்டங்களுக்குச் சுருட்டிய இன்னிங்ஸில் 9 ஓட்டம் கொடுத்து 8 விக்கெட் எடுத்தவர் அவர். இரண்டாயிரத்துக்கு மேல் விக்கெட் எடுத்தும் ஒரு டெஸ்டும் ஆடாதவர். அவருடைய நிழலில் பார்க்கர் மிதவேகமாக வீசிக்கொண்டிருந்தார். பருவத்துக்கு 100 விக்கெட்டை ஒருமுறையும் தொடவில்லை. முதல் உலகப் போர் முடிந்து திரும்பியபோது வேகத்தைக் குறைத்துச் சுழலுக்கு மாறினார். 1920 பருவத்தில் அவருக்கு வயது 37. அந்த ஆண்டு தொடங்கி 1935 வரை, பதினாறு பருவங்கள், ஒன்றுகூடத் தவறாமல் 100 விக்கெட்டைத் தாண்டினார். அவற்றில் ஐந்து பருவங்களில் 200-க்கும் மேல். இந்தக் காலத்தில் 37 வயதில் விடைபெறும் விழா நடக்கும். இவருக்கு அது தொடக்கம்.

சுருக்கமாக: மூடாத ஆடுகளம், மழைக்குப் பின் வெயில், மேலே ஓடு உள்ளே ஈரம், வெளியே திரும்பும் இடக்கைச் சுழல், ஸ்லிப்பில் ஹேமண்ட். இந்த ஐந்தும் கூடிய நாளில் பார்க்கர் என்ன செய்தார் என்பதற்கு 1925-இல் எசெக்ஸுக்கு எதிராக குளோஸ்டர் நகரில் நடந்த ஆட்டம் சாட்சி: இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 56 ஓட்டங்களுக்கு 17 விக்கெட். விழுந்திருக்கக்கூடியவை மொத்தமே 20.

நன்றாக வீசினால் நஷ்டம்: பெனிஃபிட் ஆட்டம்

தொழில்முறை ஆட்டக்காரருக்கு ஓய்வூதியம் கிடையாது. பல ஆண்டு உழைத்தவருக்குச் சங்கம் ஓர் ஆட்டத்தை ஒதுக்கிக் கொடுக்கும். அந்த ஆட்டத்தின் வாசல் வசூலில் செலவு போக மிஞ்சுவது அவருக்கு, நன்கொடைகளும் சேரும். இதற்குப் பெயர் பெனிஃபிட். மொய்விருந்தை நினைத்துக்கொண்டால் பாதி புரியும்: ஒருவரின் தேவைக்காக ஊரே வந்து இலையில் உட்கார்ந்து பணம் வைப்பது. வேறுபாடு என்னவென்றால், மொய்க்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் உண்டு, இதற்கு இல்லை. இது ஊதியமா அன்பளிப்பா என்ற கேள்வி நீதிமன்றம்வரை போனது. கென்ட் அணியின் ஜேம்ஸ் சீமூர் பெற்ற பெனிஃபிட் பணம் அன்பளிப்பே, அதற்கு வருமான வரி இல்லை என்று, அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1927-இல் தீர்ப்பளித்தது.

ஒரு மனிதரின் முதுமைக்கான சேமிப்பு மூன்று நாள் வானிலையை நம்பி நிற்கிறது. மழை பெய்தால் வசூல் போச்சு. மழை பெய்யாவிட்டாலும் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டால் மூன்றாம் நாள் வசூல் இல்லை. ஆட்டம் எப்போது சீக்கிரம் முடியும்? பந்துவீச்சாளர் நன்றாக வீசினால்! 1907-இல் மிடில்செக்ஸின் ஆல்பர்ட் டிராட், தன் சொந்த பெனிஃபிட் ஆட்டத்தில் அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்து, அதே இன்னிங்ஸில் இன்னொரு ஹாட்ரிக்கும் எடுத்து, தன் பைக்கு வர வேண்டிய பணத்தைத் தானே தடுத்துக்கொண்டார். ஹாட்ரிக் என்றால் தொடர்ந்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்.

பார்க்கரின் பெனிஃபிட் 1922-இல், பிரிஸ்டல் நகரில், யார்க்‌ஷயருக்கு எதிராக. வசூலை நினைத்தால் எதிரணி முந்நூறு, நானூறு அடிப்பதுதான் அவருக்கு நல்லது. ஆனால் பார்க்கர் தொடர்ந்து ஐந்து பந்துகளால் குச்சிகளைத் தகர்த்தார். ஐந்தில் இரண்டாவது பந்து நோபால். விதியை மீறி வீசிய பந்து என்பதால் அதில் மட்டையாளர் ஆட்டமிழக்க மாட்டார். மற்ற நான்கும் விக்கெட். அந்த இன்னிங்ஸில் அவர் எடுத்தது 36 ஓட்டங்களுக்கு 9. வலிமைமிக்க யார்க்‌ஷயர் 66 ஓட்டங்களில் முடிந்தது. வாழ்நாள் சேமிப்பு வாசலில் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கும் நாளிலும் இந்த மனிதரால் ஒரு பந்தைக்கூட மோசமாகப் போட முடியவில்லை. என்னைக் கேட்டால், 3,278-ஐவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த ஐந்து பந்துகள்தான்.

அந்த ஒரே டெஸ்ட்

1921 ஜூலை, மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபர்ட் மைதானம், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான நான்காவது டெஸ்ட். பார்க்கருக்கு 38 வயது. முதல் நாள் முழுவதும் மழையில் போனது. இங்கிலாந்து முதலில் ஆடி 4 விக்கெட்டுக்கு 362 எடுத்தது. நடுவில் ஒரு பெரிய குழப்பம். ஒரு நாள் வீணாகிவிட்டதால் ஆட்டம் இரண்டு நாள் ஆட்டமாகக் கருதப்பட வேண்டும், அன்று அந்த நேரத்தில் இன்னிங்ஸை முடித்துக்கொள்ள இங்கிலாந்துக்கு உரிமை இல்லை என்று ஆஸ்திரேலியத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் எதிர்ப்புத் தெரிவிக்க, ஆட்டம் நின்று மறுபடி தொடங்கியது. ஒருவரே அடுத்தடுத்து இரண்டு ஓவர் வீசக் கூடாது என்பது விதி. அந்தச் சலசலப்பில் இடைவேளைக்கு முந்தைய ஓவரையும் அடுத்த ஓவரையும் ஆம்ஸ்ட்ராங்கே வீசியதை யாரும் கவனிக்கவில்லை.

எஞ்சிய நேரத்தில் ஆஸ்திரேலியா தோல்வியைத் தவிர்ப்பது ஒன்றையே நோக்கமாக வைத்தது. ஹெர்பி காலின்ஸ் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நின்று 40 ஓட்டங்கள் எடுத்தார். அந்தச் சுவருக்கு எதிராகப் பார்க்கர் 28 ஓவர் வீசி, 32 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து, 2 விக்கெட் எடுத்தார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஆஸ்திரேலியா இரண்டாவது முறை மட்டை பிடிக்கவே இல்லை. அவருக்குக் கிடைத்தது ஒரே இன்னிங்ஸ். டெஸ்ட் வாழ்க்கை அத்துடன் முடிந்தது. ஓவருக்கு ஒன்றேகால் ஓட்டம்கூடக் கொடுக்காத ஒருவரைத் 'தேறவில்லை' என்று எப்படிச் சொல்வது?

பிறகு ஏன் அழைக்கவில்லை? ஒரு காரணம் நேர்மையானது. மெதுவான இடக்கைச் சுழலுக்கு இங்கிலாந்தில் அப்போது பஞ்சமில்லை: ரோட்ஸ், ஃபிராங்க் வுல்லி, ராய் கில்னர், ஜாக் ஒயிட். இவர்கள் மட்டையும் பிடிப்பார்கள். பார்க்கரின் மட்டைச் சராசரி பத்தை ஒட்டியது. ஒரே தரத்தில் இரண்டு சுழலர் இருந்தால், ஓட்டமும் எடுக்கக்கூடியவரைச் சேர்ப்பது இயல்பு.

ஆனால் 1926 ஜூலை 10-ஐ அந்தக் காரணத்தால் விளக்க முடியாது. லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானம், மறுபடியும் ஆஸ்திரேலியா. மழையில் நனைந்திருந்த ஆடுகளம். பார்க்கர் மைதானத்தில் இருக்கிறார். இங்கிலாந்துத் தலைவர் ஆர்தர் கார் நாணயச் சுழற்சியில் வென்று, ஆஸ்திரேலியாவை முதலில் ஆடச் சொல்கிறார். ஈரக்களத்தில் எதிரணியை ஆட விடுவது ஒரே நம்பிக்கையில்தான்: அது காயும்போது விக்கெட்டுகள் சரியும். அந்த நேரத்துக்காகவே பிறந்தவர் போன்ற பந்துவீச்சாளரை விளையாடும் பதினோரு பேரில் சேர்க்கவில்லை. முதல் பந்திலேயே ஒரு விக்கெட் விழுந்தது. அதன்பின் சார்லி மக்கார்ட்னி உணவு இடைவேளைக்கு முன்பே சதம் அடித்தார். ஆஸ்திரேலியா 494 எடுத்தது. அன்று எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த 43 வயது மனிதரின் நெஞ்சுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வானத்தையும் மண்ணையும் அவரைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் அந்த மைதானத்தில் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

மறுபடி ஒரு வரியில்: அவருடைய ஒரே டெஸ்ட் மழையால் சுருங்கிய ஆட்டம், ஒரே இன்னிங்ஸ், இன்னொரு வாய்ப்பு, கைக்கெட்டும் தூரத்தில் வந்து, தேர்வில் நழுவியது.

நாற்பதுக்குப் பின்

1924-இல் மிடில்செக்ஸுக்கு எதிராக பிரிஸ்டலில் நடந்ததை நம்புவது கடினம். குளோஸ்டர்ஷயர் முதலில் 31 ஓட்டங்களுக்குச் சுருண்டது. பார்க்கர் ஹாட்ரிக் எடுத்து மிடில்செக்ஸை 74-இல் நிறுத்தினார். ஹேமண்ட், 21 வயதில், ஆட்டமிழக்காமல் 174 அடித்தார். பார்க்கர் இரண்டாவது இன்னிங்ஸிலும் ஒரு ஹாட்ரிக் எடுத்தார். 31-க்குச் சுருண்ட அணி 61 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது.

1930 ஆகஸ்டில் பிரிஸ்டலுக்கு ஆஸ்திரேலிய அணி வந்தது. பிராட்மன் உலகையே திரும்பிப் பார்க்க வைத்த சுற்றுப்பயணம் அது. கடைசி இன்னிங்ஸில் அவர்களுக்குத் தேவை 118 ஓட்டங்கள். 47 வயது பார்க்கர் 54 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். 14 எடுத்திருந்த பிராட்மனின் குச்சிகளைத் தகர்த்ததும் அவரே. மறுமுனையில் டாம் கோடார்டு கடைசி விக்கெட்டை வீழ்த்தியபோது ஆஸ்திரேலியா 117. இரு அணிகளின் மொத்த ஓட்டமும் 274. இப்படி ஓட்டங்கள் சரிசமமாகி முடியும் ஆட்டத்துக்கு 'டை' என்று பெயர். நேரம் போதாமல் முடிவின்றி நிற்கும் 'டிரா'வோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பல்லாயிரம் ஆட்டங்களில் எப்போதோ ஒன்றுதான் டையாகும்.

அடுத்த ஆண்டு, 1931-இல், அவர் ஜூன் 12-ஆம் தேதியே பருவத்தின் 100-ஆவது விக்கெட்டை எடுத்துவிட்டார். அதற்கு முன் 1896-இல் ஜே. டி. ஹெர்ன் அதே தேதியில் எடுத்திருந்தார். அதைவிட முந்திய தேதியில் இதுவரை யாரும் எடுத்ததில்லை. அந்தப் பருவம் முடிந்தபோது பார்க்கரின் கணக்கில் 219. வயது 48.

1935-இல் ஆடுவதை நிறுத்தினார். சில காலம் நடுவராக நின்றார். பிறகு சர்ரே பகுதியில் கிரான்லி என்ற ஊரின் பள்ளியில் பையன்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக் கொடுத்தார். 1959 ஜூலை 11 அன்று அந்த ஊரிலேயே காலமானார்.

அவருடைய 3,278-இல் 3,170 விக்கெட்டுகள் குளோஸ்டர்ஷயருக்காக எடுத்தவை. அந்தச் சங்கத்தின் சாதனை அது. அடுத்த இடம் கோடார்டுக்கு, 2,862. இன்று ஆடுகளங்களை மூடுகிறார்கள், ஒரு கவுன்டி அணிக்குச் சாம்பியன்ஷிப்பில் பருவத்துக்கு 14 ஆட்டங்கள். ஆண்டுக்கு 100 விக்கெட் வீதம் எடுக்கும் ஒருவர் இன்று தோன்றினாலும், பார்க்கரின் 3,278-ஐத் தொட அவர் முப்பத்துமூன்று பருவங்கள் வீச வேண்டியிருக்கும்.